ஐந்து நிமிடம் ஆன் செய்

மார்ச் 3, செவ்வாய்

பிரஷர் டாக்டர் சொன்ன யோசனை இது. "தயாளன், கோபம் வந்தா யார்கிட்டயும் கத்தாதீங்க. ஒரு டைரி வாங்கி அதுல கத்துங்க" என்றார். சரி, கத்துகிறேன்.

புனே ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நம் பிளான்ட்டில் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருந்த பழைய பாதுகாப்பு மென்பொருளுக்கு மார்ச் 31-ஓடு சாவு. அதற்குப் பதில் புதிது ஒன்று. வைரஸையும் அதுவே பிடிக்குமாம். லேப்டாப், போன் எல்லாவற்றையும் அதுவே மேய்க்குமாம். தொலைந்தால் தேடித் தரும், திருடினால் பூட்டும், வேண்டாமென்றால் உள்ளே இருப்பதை மொத்தமாகத் துடைத்துவிடும். இதையெல்லாம் நான் ஒருத்தன் உட்கார்ந்து மாட்ட வேண்டும். லேப்டாப் மட்டுமென்றால் பரவாயில்லை. லைனில் வேலை பார்க்கிற பசங்கள் அட்டென்டன்ஸ் போடுவது அவரவர் சொந்த போனில். அதிலும் மாட்ட வேண்டுமாம். எவன் யோசித்தானோ, அவன் தலையில் இடி விழ.

மெயிலின் கடைசி வரிதான் மோசம். மாற்றம் முடிந்ததும் ஒரகடத்தில் இருக்கிற மூன்று பிளான்ட்டுக்கும் சேர்த்து ஒரே சிஸ்டம் அட்மின் போதும் என்று எழுதியிருக்கிறான். இப்போது பிளான்ட்டுக்கு ஒருத்தனாக இருக்கிற மூன்று பேரில் யார் என்று எழுதவில்லை. என் பெண்டாட்டி சசியிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேன்டீனில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். புது மென்பொருளை மாட்டும்போது அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். இடம் தெரியலாமா, எப்போதும் தெரியலாமா, கேபிள் போட்டு போனிலிருந்து எதையும் எடுக்க முடியாமல் பூட்டலாமா என்று ஏழெட்டுக் கேள்வி. போனுக்குச் சொந்தக்காரன் படித்துப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே எவன் படிக்கிறான்? "அண்ணா, நீங்களே போட்டுக் குடுங்கண்ணா" என்று லாக்கைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுச் சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றுவிடுவார்கள். நான்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சம்மதித்தேன். விரல் மரத்துப் போனது.

மச்சான் திருமாலும் வந்தான். சசியின் தம்பி. பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தொழிற்சங்கம் வைக்கப் போகிறேன் என்று மூன்று மாதமாக ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான். போனை நீட்டும்போதே சிரிப்பு.

"இன்னா மாமா, இதுல நாங்க பேசறதெல்லாம் உன் காதுக்கு வருமா?"

"நீ பேசறத வீட்லயே கேட்டுக் காது புண்ணாயிருக்கு. போடா."

"அப்ப சரி. நீயே போட்டுக் குடு. உன்னை நம்பாம வேற யார நம்புறது?"

எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

மார்ச் 9, திங்கள்

ஹெச்.ஆர். மேனேஜர் நீலமேகம் கேபினுக்குக் கூப்பிட்டார். காபி வேறு. இந்த மனுஷன் எனக்குக் காபி கொடுத்தது சரித்திரத்திலேயே இல்லை.

"தயாளன், அந்தப் புது மேப் எனக்கும் தெரியற மாதிரி ஒரு லாகின் குடுங்க. பாக்கறதுக்கு மட்டும் போதும்."

எந்தப் போன் எங்கே இருக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் காட்டுகிற மேப் அது. தொலைந்த போனைத் தேடுவதற்கு சார் என்றேன்.

"எனக்கும் அதுக்குத்தான்" என்றார். பிறகு, மூன்று பிளான்ட்டுக்கும் ஒரே அட்மின் என்கிற விஷயத்தில் புனேக்காரன் தன்னிடம்தான் பெயர் கேட்டிருக்கிறான் என்றும் சொன்னார்.

பார்க்க மட்டும்தானே. அதை வைத்து ஒரு பொத்தானைக்கூட அவரால் அமுக்க முடியாது. கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பிரஷர் 150/100. கேன்டீன் வடையை நிறுத்த வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

சாயங்காலம் சசிக்குப் போன் வந்தது. திருமால் கூட்டம் போட்டிருக்கிறான். எங்கே என்பதைக் கடைசி நேரம்வரை யாருக்கும் சொல்லவில்லை. பைக்கில் கிளம்பிய பிறகுதான் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கொண்டு ஒரு மாந்தோப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அறுபது பேர். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, மூன்று டாடா ஏஸில் ஆள் வந்து இறங்கியிருக்கிறது. துளசிங்கத்தின் ஆட்கள். எங்கள் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் ஆள் பிடித்துக் கொடுப்பவன் துளசிங்கம். ஆளை அடிப்பதும் அவனுக்கு ஒரு கான்ட்ராக்ட்தான்.

இரும்புக் குழாய், சைக்கிள் செயின். ஓடினவனை விரட்டி விரட்டி அடித்திருக்கிறார்கள். பெயின்ட் ஷாப் ஏசுபாதத்தை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணிலேயே குத்தியிருக்கிறான் ஒருத்தன். ஒரு பையனின் கணுக்காலை டாடா ஏஸின் கதவில் வைத்துச் சாத்தியிருக்கிறார்கள். திருமாலுக்கு முதுகெல்லாம் பட்டை பட்டையாகக் கன்றிப் போயிருக்கிறது. அத்தனை அடி வாங்கியும் அந்தப் பயல் ஒரு புதருக்குப் பின்னால் படுத்து எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருக்கிறான். முகங்கள் தெளிவாக இருக்கிறதாம்.

சசி அழுதாள். "எப்படிங்க கண்டுபுடிச்சானுங்க? இடம் யாருக்குமே தெரியாதாமே" என்றாள். அறுபது பேர் சேர்ந்த இடத்தில் ஒருத்தன் காட்டிக்கொடுக்காமலா இருப்பான் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

ஸ்ட்ரைக். கேட்டில் பந்தல். ஸ்டாஃப் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு. நானும் போனேன். ஏசுபாதத்துக்கு இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 18, புதன்

வாய் வீங்கிக் கிடக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் கேட்டில் என் பைக்கை மறித்தார்கள். முதலில் வெறும் கூச்சல்தான். கூட்டத்தில் எவனோ, "எல்லாப் போனையும் வாங்கி என்னமோ ஏத்தினானே, இவன்தான்டா!" என்றான். அவ்வளவுதான். சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே என் வாயில் அடித்தான் ஒருத்தன். இரண்டு பல் போயிற்று. இன்னொருத்தன் தன் போனை ரோட்டில் போட்டு, கருங்கல்லால் தூள் தூளாக உடைத்து, அந்தக் கண்ணாடிச் சில்லை அள்ளி, "தின்னுடா, துன்னு" என்று என் வாயில் திணித்தான். சாம்பார் சாதம் வாங்கப் போகும்போது அண்ணா அண்ணா என்று போனை நீட்டிய அதே பையன்கள்.

செத்தேன் என்றே நினைத்தேன். அப்போதுதான் திருமால் வந்து என் மேல் குறுக்கே விழுந்தான். "என் அக்கா புருஷன்டா! அவருக்கு ஒண்ணும் தெரியாது! வேலை குடுத்தானுங்க, செஞ்சாரு, அவ்ளோதான்! அடிக்கறதுன்னா என்ன அடிங்கடா!" என்று கத்தினான். எனக்கு விழ வேண்டிய கட்டை அவன் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குள் உள்ளேயிருந்து துளசிங்கத்தின் ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியவில்லை. பசங்கள் சேர்ந்து துளசிங்கத்தின் டெம்போவைக் கவிழ்த்தார்கள். அதன் அடியில் துளசிங்கத்தின் தம்பி மாட்டிக்கொண்டான். அவன் அலறியது இப்போதும் காதில் இருக்கிறது. இரண்டு காலும் முட்டிக்குக் கீழே கூழாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் டெம்போவில் கை வைக்காதவன் திருமால் ஒருத்தன்தான். அவன் என் வாயிலிருந்து கண்ணாடியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் துளசிங்கத்துக்குப் பழி தீர்க்கத் தலைவன் ஒருத்தன் வேண்டும். "திருமால் தலைய எடுக்காம என் தம்பி மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னானாம். திருமால் ராத்திரிக்குள் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 20, வெள்ளி

திருமால் எங்கே என்று எனக்குத் தெரியாது. சசிக்குத் தெரியும். கேட்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தினம் ஒருமுறை யாருடைய போனிலிருந்தாவது கூப்பிட்டு, "உயிரோட கீறேன்க்கா" என்கிறானாம். அவனுடைய போன் அணைந்து கிடக்கிறது. என் மேப்பில் அவன் புள்ளி சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

நீலமேகம் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "அடிபட்டதுக்கு லீவு எடுத்துக்கோங்க. ஆனா 31-க்குள்ள மாத்தற வேலை முடியணும்" என்றார். கிளம்பும்போது, "உங்க மச்சான் போன் சாம்பலாவே இருக்குதே" என்றார்.

அவர் போனதும் சசி பழத்தையெல்லாம் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "சாம்பல்ன்னா இன்னாங்க?" என்று கேட்டாள். போன் ஆஃபில் இருந்தால் அப்படிக் காட்டும் என்றேன். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள் என நினைத்தேன், கேட்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி மட்டும்தான் குடிக்க முடிகிறது.

மார்ச் 25, புதன்

சசி ஒரு மணி நேரமாக உயிரை வாங்கிவிட்டாள். காரணம் அந்த மாந்தோப்பு வீடியோ. சங்கத்துக்காக வாதாடுகிற வக்கீல் அம்மாவுக்கு அது வேண்டும். அது இருந்தால் துளசிங்கத்தின் ஆட்களை மட்டுமல்ல, அவனையே உள்ளே வைத்துவிடலாம். திருமாலும் வெளியே வரலாம். இல்லையென்றால் அவன் ஆயுசு முழுக்க ஓட வேண்டியதுதான். ஆனால் போனை நெட்டுக்குக் கொண்டுவராமல் வீடியோவை எடுப்பது எப்படி? நெட்டை அணைத்துவிட்டுக் கேபிள் போட்டுப் பார்த்திருக்கிறான். நான் மாட்டிய மென்பொருள் கேபிளையும் புளூடூத்தையும் பூட்டி வைத்திருக்கிறது. வேறு போனால் திரையைப் படம் பிடித்தால் கோர்ட்டில் நிற்காதாம். மாந்தோப்புக்குப் பிறகு யாரையும் நம்பிப் போனைக் கொடுத்தனுப்பவும் மாட்டேன் என்கிறானாம்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. 31-ஆம் தேதி புது விதிகள் அமலுக்கு வருகின்றன. அதற்குமுன் நெட்டுக்கு வராத போன் எதுவாக இருந்தாலும், அதன் பிறகு எப்போது வந்தாலும் உள்ளே இருப்பதைத் தானாகவே துடைத்துவிடும். வீடியோ போயிற்று.

"நீங்க ஏத்தினதுதானே? நீங்களே எடுங்க" என்றாள்.

எடுக்கலாம். பட்டியலிலிருந்து திருமால் போனை நீக்கிவிடு என்று நான் உத்தரவு போட்டு வைத்தால், அந்தப் போன் நெட்டுக்கு வந்ததும் உத்தரவை வாங்கிக்கொண்டு மென்பொருள் தானே கழன்றுவிடும். பிறகு அது சாதாரணப் போன். வீடியோவை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஐந்து நிமிடம் ஆன் செய்தால் போதும். ஒரே ஒரு சங்கடம். நெட்டுக்கு வந்தவுடன் போன் முதலில் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும், அதற்குப் பிறகுதான் உத்தரவை வாங்கும். நீலமேகத்தின் மேப்பிலும் அது தெரியும்.

அவருடைய லாகினை நிறுத்திவிட்டுச் செய்யலாம்தான். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். 31 நெருங்குகிற நேரத்தில் எதற்கு வம்பு? நாள் முழுக்கத் திரையையே முறைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கப் போகிறார்? அவருக்கு வேறு வேலை இல்லையா?

சசியிடம் "முடியும், நாளைக்குச் செய்யலாம்" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மார்ச் 26, வியாழன்

மதியம் ஆபீஸில் உட்கார்ந்து உத்தரவைப் போட்டேன். சசிக்குப் போன் செய்து சரி என்றேன். அவள் ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் திருமாலையும் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மாமா சொல்லிட்டாருடா. ஆன் பண்ணு. அஞ்சு நிமிஷம்தான்."

சாம்பல் புள்ளி பச்சையானது. உத்திரமேரூர் தாண்டி ஒரு செங்கல் சூளை. பிறகு பச்சைப் புள்ளியே மேப்பில் இல்லாமல் போனது. கழன்றுவிட்டது! இந்த நாசமாய்ப் போன மென்பொருள் வந்த நாளிலிருந்து உருப்படியாக நடந்த ஒரே காரியம். "ஆயிடுச்சு, இனி அது அவன் போன்" என்றேன். அந்தப் பக்கம் திருமால் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னவென்று சசியிடம் கேட்டேன். "மாமாவுக்கு ரெண்டு பல்லு கட்டி விடறேன்னு சொல்றான்" என்றாள்.

டீ குடிக்க எழுந்து போனேன். வழியில் நீலமேகத்தின் கேபின். கதவு பாதி திறந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் மேப் இருந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதும் திறந்து வைத்திருப்பார் போலிருக்கிறது. மேஜையில் ஒரு காகிதத்தில் பேனாவால் ஏதோ குறித்தார்.

சசியைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். ஒன்றுமில்லாததற்கு அவளைப் பயமுறுத்துவானேன்? டீ நன்றாக இல்லை. இஞ்சி அதிகம். திரும்பி வரும்போது நீலமேகம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மார்ச் 27, வெள்ளி

திருமாலைக் கொன்றுவிட்டார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

நேற்றுதான் உடலைக் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். மிச்சத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்காரனே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். சூளையில் மண் வெட்டி எடுத்த பள்ளத்தில் வைத்து நான்கு பேர் வெட்டியிருக்கிறார்கள். உடைந்த தோளோடு ஒரு கையால் தடுத்திருக்கிறான். அந்தக் கையைத் தனியாகத்தான் எடுத்து வந்தார்கள். தன்னைத் தேடி வண்டி வருவது தெரிந்தும் அவன் ஓடவில்லை என்று சூளைக்காரர் சொன்னார். வீடியோ முழுக்கப் போய்ச் சேருகிறவரை போனைப் பிடித்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டிலேயே நின்றிருக்கிறான். போய்ச் சேர்ந்துவிட்டது. துளசிங்கத்தையும் ஆறு பேரையும் பிடித்திருக்கிறார்கள். நீலமேகம் மாலையோடு வந்தார். சாவுப் பந்தலில் இருந்தவர்கள் மாலையைப் பிடுங்கி அவர் கார் மேலேயே எறிந்தார்கள்.

சசி அழவில்லை. நேற்று முழுக்க, "நான்தான் ஆன் பண்ணச் சொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டாள். நெற்றியில் ரத்தம். நான் பிடித்துக்கொண்டேன். "நீ இல்லம்மா, நீ இல்ல" என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல?

இன்று எல்லோரும் போன பிறகு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். குரலே மாறியிருந்தது.

"அந்த நீலமேகம் மேப்புல பாத்திருக்கான். வக்கீல் அம்மா சொன்னாங்க. அவனுக்கு அதை யாரு குடுத்தது?"

"பாக்கறதுக்கு மட்டும்தான் குடுத்தேன்."

"அவன் பாத்தது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கேதான். பாத்துட்டானோன்னு ஒரு சந்தேகம். நிச்சயமில்ல."

"அன்னைக்கே எப்போ?"

"டீ குடிக்கப் போனப்போ."

தெருவில் பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"டீ குடிச்சியா?"

பதினான்கு வருடத்தில் என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"குடிச்சேன்" என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணும். படிக்கப் போவது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டைரியை மூடிய பிறகு, அம்மிக் குழவி வலது கையில் விழுந்தது. தரையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன், விழுந்தது. மூன்று தடவை விழுந்தது. நான்கு விரல் முறிவு, சுட்டு விரல் கூழ். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற சசியைப் பார்த்தார். "எப்படி விழுந்துச்சு?" என்றார். அலமாரி மேலே இருந்தது, வழுக்கிவிட்டது என்றேன். குழவியை யாராவது அலமாரி மேல் வைப்பார்களா? வேறு ஒன்றும் தோன்றவில்லை. சசி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ரசம் சாதம் பிசைந்து அவளே ஊட்டினாள்.

இன்று காலை நீலமேகம் போன் செய்தார். கையில் பிடிக்க முடியாது என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். சசி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தயாளன், கை அடிபட்டதுன்னு சொன்னாங்க. பாவம். ஆனா இன்னைக்கு கடைசி நாள். பழசை மூடிட்டுப் புது விதிய ஆன் பண்ணணும், புனேல காத்துக்கிட்டிருக்கான். மூணு பிளான்ட்டுக்கும் உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்."

"தேங்க்ஸ் சார்."

"ஸ்ட்ரைக் பந்தல்ல உக்காந்திருக்கற பசங்க போனெல்லாம் லிஸ்ட்ல இருக்கட்டும், எடுத்துடாதீங்க. இடது கையால முடியுமில்ல?"

டாக்டர் வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் தானாக வந்துவிட்டது.

"முடியும் சார்" என்றேன்.

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சசி கீரையைக் கீழே வைத்துவிட்டாள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தை அல்ல, என் இடது கையை.